மேல்மாடி அறையின் வைஃபை பெட்டி

வல்லம் வடகால்
வியாழன், 2014

அப்பாவுக்கு அருள்பாண்டியின் வணக்கம். மூட்டுவலி தேவலையா? அம்மா ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாளா? போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று பதற வேண்டாம். நன்றாக இருக்கிறேன்.

கம்பெனியிலிருந்து எங்கள் ஹாஸ்டலுக்கு இன்டர்நெட் கொண்டுவந்தது நான்தான். நடுவில் ரோடு இருப்பதால் கேபிள் கம்பெனியோடு நின்றுவிட்டது. மொட்டைமாடியிலும் மாடிக்கு ஒன்றாகவும் வைஃபை பெட்டி வைத்து, ஒன்றிடமிருந்து ஒன்று சிக்னலை வாங்கும்படி செய்தேன். பையன்கள் சந்தோஷத்தில் பரோட்டா வாங்கிக்கொடுத்தார்கள். அவர்கள் போனையெல்லாம் பெயரோடு பதிந்ததும் நான்தான்.

நேற்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். "எந்தப் பெட்டிகிட்ட எவன் போன் இருந்துச்சுன்னு வைஃபை பதிவுல தெரியுமாமே. ஞாயித்துக்கெழம மேல்மாடி ரூம்ல சங்கம் பேசினவன் பேரெல்லாம் எழுதிக்கினு வா" என்றார். நான் தராவிட்டால் திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஆள் வந்து எடுப்பாராம். அழித்தாலும், அழித்தது அதில் பதிவாகிவிடும்.

என் ரூம் மாரிசெல்வம் ஊரிலிருந்து திரும்பும்போது பீரோவில் கிடக்கும் என் பழைய பட்டன் போனைக் கொடுத்தனுப்புங்கள். அதில் வைஃபை கிடையாது; சும்மா கையில் ஒன்று இருக்கட்டும். கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. பதிவில் பதினோரு பெயர் இருக்கிறது அப்பா. ஒன்று என்னுடையது. பெட்டியைச் சரிபார்க்கப் போனேன் என்று சொல்லிப் பார்க்கலாம். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தேன் என்று நான் வைத்த பெட்டியே சொல்கிறது.

உங்கள் மகன்
அருள்பாண்டி