எட்டாம் கூண்டில் குட்டிகள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கோபமும் நலமாகத்தான் இருக்கும். தையல் கடையில் உன்னைத் தனியாக விட்டுவிட்டு எலி வளர்க்கப் போனவள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாயாமே. உண்மைதானே, சொல்லிக்கொள்.

இப்போது எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருப்பவை வெள்ளெலிகள் இல்லை. பொட்டல் காட்டில் பொறி வைத்துப் பிடித்த பதினெட்டுக் காட்டெலிகள். வெளியே இலை தின்றவரை நோய்நொடி கிடையாது. ஆய்வகத் தீவனம் கொடுத்தால் மனிதருக்கு வருவதுபோலவே சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால்தான் இவற்றைப் பெருக்கச் சொல்கிறார்கள். பெருகினால்தானே! பெண் ஆணைக் கடிக்கிறது. தப்பித்தவறிக் குட்டி போட்டால் தாயே தின்றுவிடுகிறது. "செப்டம்பருக்குள்ள ஒரு குட்டியாவது தேறலைன்னா இந்த ஆய்வையே மூடிடலாம்மா" என்கிறார் எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டர்.

சர்க்கரை மாத்திரையை விடாதே.

உன் தங்கை

ஜூன் 19

சண்டைக்காரிக்கு,

ஊரே எலிக்கு மருந்து வைக்கிறது; நீ பிரசவம் பார்க்கிறாய். நானும் இனி இலை தழை மேயட்டுமா?

ஒன்று கேட்கிறேன். வளர்த்து, நோய் வரவைத்து, ஊசி குத்தத்தானே? உனக்கு எப்படி மனசு வருகிறது?

ரவிக்கை அனுப்பியிருக்கிறேன். கசங்காமலிருக்கச் சுற்றிலும் வெட்டுத்துணி திணித்திருக்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

லேசில் மனசு வருவதில்லை. சர்க்கரை முற்றி அப்பாவின் காலை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதாயே, அதை நினைத்துக்கொண்டுதான் கூண்டைத் திறக்கிறேன். இருக்கிறவரை அவை நிம்மதியாக இருக்கட்டும் என்று பார்த்துக்கொள்கிறேன்.

ரவிக்கை கச்சிதம். வெட்டுத்துணி அதைவிடக் கச்சிதம்! எல்லாக் கூண்டிலும் வெறும் மரத்தூள்தான் போட்டிருந்தோம். எட்டாம் கூண்டில் ஒரு சினை எலி. உன் பருத்தித் துண்டுகளைக் கொதிக்கவைத்து உலர்த்தி அதில் போட்டேன். மதியத்துக்குள் அத்தனையையும் பல்லால் கிழித்து, மூலையில் பந்துபோல் கூடு கட்டிக்கொண்டது. விளக்கைக் குறைத்தேன். கிட்டவே போகவில்லை. குட்டி போட்டு இன்றோடு பதினைந்து நாள். ஐந்து குட்டி, ஐந்தும் உயிரோடு! டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கேம்மா வாங்கினே இந்தத் துணியை?" என்றார். "எங்கக்கா கடையில சார்" என்றேன்.

என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கடைசியில் எழுதுகிறேன்.

உன் தங்கை

ஆகஸ்ட் 14

என் தங்கைக்கு,

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். மறுநாள் உன் தையல் மெஷினின் உறையை எடுத்தேன். நீ வந்து உட்காருவாய் என்று மூன்று வருடமாக மாதம் தவறாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். சிரிப்பாய் என்றுதான் சொல்லவில்லை.

திங்கள்கிழமையிலிருந்து எதிர்வீட்டு மருமகள் அதில் தைக்கிறாள். மிதித்ததுமே, "என்னக்கா, இவ்ளோ லேசா ஓடுது!" என்றாள். பக்கத்தில் மறுபடியும் ஒரு மெஷின் சத்தம். நன்றாகத்தான் இருக்கிறது.

குற்றம் செய்தவள் மாதிரி எழுதாதே. லீவு கிடைத்தால் வா. ஊசி நூலைத் தொட வேண்டாம்; சும்மா வந்து உட்கார்ந்து வாயடித்துவிட்டுப் போ.

அக்கா