மெஷின் நெற்றியில் பொட்டு

அக்டோபர் 3, வெள்ளி

துணி பிழியப் போகும் முன்னால் வாஷிங் மெஷின் எப்போதும் ஒரு முறை 'டக்' என்னும். இன்று அந்தச் சத்தம் வரவில்லை.

பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுபோனது. உள்ளே நாங்கள் கூலிக்குத் துவைத்துக் கொடுக்கும் சி ரூசா ஹோம்ஸ்டேயின் படுக்கை விரிப்புகள், தண்ணீர் சொட்டச் சொட்ட. நானும் அம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். போன வருஷம் பாத்ரூமில் விழுந்து உடைந்த மணிக்கட்டு அம்மாவுக்கு. கொஞ்ச நேரத்திலேயே முகம் சுருங்கிவிட்டது. "ஒண்ணுமில்ல, நீ முறுக்கு" என்றாள்.

அக்டோபர் 4, சனி

"ரோசாக்." கெட்டுப்போச்சு என்பதை அண்ணன் ஒரே மலாய் வார்த்தையில் முடித்துவிட்டான்.

டவுனில் ரிப்பேர் செய்பவருக்கு அப்பா போன் போட்டார். தீபாவளி முடிந்துதான் வர முடியுமாம். அம்மா சாமி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆயுத பூசைக்கு அதுக்குந்தான சந்தனம் குங்குமம் வெச்சேன். நல்லா குழைச்சு பெருசா வெச்சேனே. வெச்ச கையோட இப்படி ஆகுதுன்னா நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

மெஷினுக்கும் சாமிக்கும் என்ன சண்டை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் நினைப்பதில் பாதி வாய்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஹோம்ஸ்டே பேட்ரிக் அங்கிள் நல்லவர்தான். இன்றும் கோபப்படவில்லை. "ஈரமா குடுத்தா நான் என்னம்மா செய்வேன்? இந்த ஒரு வாரம் பாக்கறேன். இல்லாட்டி டோபி கடைக்குத்தான் போடணும்" என்றார்.

அவர் வேன் தோட்டத்து ரோட்டைத் தாண்டுவதற்குள் அப்பா அம்பாங்கானுக்குப் போன் செய்துவிட்டார். அங்கே மாதவி சித்தி வேலை செய்யும் சேலைக் கடைக்கு ஆள் வேண்டுமாம். வருகிற ஞாயிறு சித்தியே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவாள்.

கடை வாசலில் நிற்க வேண்டும். போகிறவர் வருகிறவரை எல்லாம் "வாங்க கா, உள்ள வந்து பாருங்க கா" என்று கூப்பிட வேண்டும். நானா? ஃபாரம் த்ரீ வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது எனக்குக் குரலே வரவில்லை. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பின்னால் இருந்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு அடுத்த நாளும் வயிற்றுவலி. அப்படியே ஸ்கூலை விட்டே நின்றுவிட்டேன்.

கடை வாசலில் எத்தனை நாளைக்கு வயிற்றுவலி என்று சொல்வேன்?

அக்டோபர் 6, திங்கள்

நானே திறந்து பார்த்தால் என்ன?

அக்டோபர் 7, செவ்வாய்

ஒரு மலாய்க்கார மாமா, பாக்சிக் என்போம், வாஷிங் மெஷின் ரிப்பேர் வீடியோ போடுகிறார். ஒவ்வொரு வீடியோவிலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "சாபுட் பிளக் டூலு." முதலில் பிளக்கைப் பிடுங்கு. நானும் பிடுங்கினேன். அப்பாவின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின்பக்கத்தைக் கழற்றினேன்.

உள்ளே பார்த்ததும் பயம் போய்விட்டது. இதுதான் ஆச்சரியம். ஒவ்வொன்றும் எங்கே போகிறது, எதைச் சுற்றுகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போக முடிகிறது. யாரும் எதையும் கேட்பதில்லை. பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. குழாயில் ஏதாவது அடைத்திருக்குமோ என்று அதையும் கழற்றிக் கழுவி மாட்டினேன்.

மாட்டினேன், இறுக்கவில்லை.

தண்ணீர் திறந்தவுடனே அடுப்படி முழுக்க வெள்ளம். அண்ணன் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தான். "லிங்கி ஆறு நம்ம வூட்டுக்கே வந்துருச்சுலா! அப்பா, தூண்டில எடுத்துட்டு வாங்க!" வேலிக்கு அந்தப் பக்கம் விக்டோரியா ஆன்ட்டி சிரித்தது எனக்குக் கேட்டது.

அப்பா சிரிக்கவில்லை. "குடு அத" என்றார். ஸ்க்ரூடிரைவரை வாங்கி அலமாரி மேலே வைத்துவிட்டார்.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி தொட்ட? தெரியாத வேலைல ஏன் கைய வெச்ச? அம்மா அந்தக் கையோட தரையத் தொடைக்குது. நான் தொடைக்கிறேன்னு சொன்னா கேக்கல.

அக்டோபர் 8, புதன்

இன்றும் கையால்தான் பிழிந்தோம். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. என் முன்னால் அம்மா தைலம் தேய்த்துக்கொள்வதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். நிதானமாக எழுதுகிறேன்.

காலையில் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் நிரப்புகிறது, துவைக்கிறது, தண்ணீரை வெளியே விடுகிறது. பிழிய மட்டும் மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் பெல்ட்டும் குழாயும் என்ன பாவம் செய்தன? அன்றைக்கு முதலில் எது இல்லாமல் போனது? அந்த 'டக்'தானே. அது எங்கிருந்து வரும்?

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் நாக்கு மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. அது போய் உட்கார மெஷினின் முன்பக்க மேல் விளிம்பில், நடுவில், ஒரு பொந்து. நாக்கு உள்ளே போனால்தான் பூட்டும். பூட்டினால்தான் சுற்றும். சுற்றும்போது யாரும் கையை விட்டுவிடக் கூடாது இல்லையா, அதற்குத்தான்.

பொந்துக்குள் விரல் நுனியை விட்டேன். மஞ்சளாக வந்தது. மோந்து பார்த்தேன்.

சந்தனம்!

குழைத்து வைத்த பொட்டு உள்ளே வழிந்து, சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. நாக்கு முழுசாக இறங்கவில்லை.

சாபுட் பிளக் டூலு. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சுக் குச்சியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, ஊற வைத்துச் சுரண்டினேன். பழைய டூத்பிரஷால் துடைத்தேன். நன்றாகக் காயும்வரை மூடியைத் திறந்தே போட்டேன். மத்தியானம் வெறும் மெஷினை ஓடவிட்டேன்.

டக்.

அடுப்படியில் நின்று சத்தமே வராமல் குதித்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சாமிக்கு ஆசையாக வைத்த பொட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று. சொல்லாமலே விட்டுவிடலாமா? ஆனால் என்ன குத்தம் செஞ்சேன், என்ன குத்தம் செஞ்சேன் என்று ஒரு வாரமாக விளக்கு முன்னால் நிற்கிறாளே.

கொடியில் விரிப்பு போடும்போது காதோடு சொன்னேன். அம்மா கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நெத்தின்னு நெனச்சுல்ல வெச்சேன். வாயிலயா வெச்சுப்புட்டேன்?"

அப்புறம் சிரித்தாள். விரிப்புக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. "பாவம், வாய்ல சந்தனத்த அப்பிட்டா அது எப்படிடி வேல செய்யும்!"

சாயங்காலம் அப்பா அலமாரி மேலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 11, சனி

பேட்ரிக் அங்கிள் காய்ந்த விரிப்புகளை எண்ணாமலே வாங்கிக்கொண்டார். இனிமேல் நானும் இங்கேயே இருக்கலாம் என்று நினைத்தேன்.

"மாதவிகிட்ட சொன்ன சொல்லு என்னாவறது?" என்றார் அப்பா. "போவட்டும். நாலு பேர்கிட்ட பேசிப் பழகட்டும். காலம் பூரா மெஷின் கூடயா பேசிக்கிட்டு இருக்கும்?"

தப்பாகச் சொல்லவில்லை. போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை, அதுவும் வாய்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டது.

பையில் முதலில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். அதன்மேல் துணிகளை அடுக்கினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

சித்தி பத்து மணிக்கே வந்துவிட்டாள். முறுக்கு டப்பா, எனக்கு ஒரு புது சுடிதார். டீ குடித்துவிட்டு, "கிளம்புவமா ஷாமினி?" என்றாள். பை வாசலில் இருந்தது.

அப்போது கேட்டுக்கு வெளியே விக்டோரியா ஆன்ட்டி. "ஷாமினி! ஷாமினி இருக்கியா?"

அம்மா எழுந்துவிட்டாள். எங்கள் கேட்டில் நின்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. யார் வந்தாலும் நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். அம்மா பாதி எழுந்தபடியே என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

நான் போனேன். ஆன்ட்டி கையில் ரைஸ் குக்கர்.

"லைட்டு மட்டும் எரியுதுமா. சோறு வேகவே மாட்டேங்குது. மெஷின நீதான் ஓட வெச்சியாமே. ஒன் கைராசி எப்படின்னு பாப்பமே."

"பிளக்க பிடுங்கிட்டீங்களா ஆன்ட்டி?"

"பிடுங்காமயா? வயரு எங்க வூட்டுலேர்ந்து ஒங்க வூட்டுக்கு நீளுமாலா!"

உள்ளே சித்தி சத்தமாகச் சிரித்தாள். "ஏய், இவ பேசுறாளே!" ஆன்ட்டி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். குக்கரை வாங்கும்போது கேட்டேன், எப்போதிருந்து இப்படி, கடைசியாகத் தண்ணீர் பொங்கி வழிந்ததா, பூச்சி எறும்பு ஏதாவது ஏறியதா என்று. ஒவ்வொன்றாக. எல்லாவற்றுக்கும் ஆன்ட்டி பதில் சொன்னார். என் குரல் எங்கேயும் திரும்பிப் போகவில்லை.

குக்கரை மேசைமேல், சித்தியின் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தேன்.

"சித்தி, நான் கடைக்கு வரல. எனக்கு இங்க வேல இருக்கு."

அப்பா குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "குமுதம், மாதவிக்கு இன்னொரு டீ போடு" என்றார்.

நான் வாசலுக்குப் போய்ப் பையைத் திறந்தேன். ஸ்க்ரூடிரைவர் அடியில் இருந்தது. மேலே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன்.