சினம் மூட்டாத ஆட்டங்கள்

என் துணைவருக்கு,

நீங்கள் மகளிடம் கொடுத்தனுப்பிய கையடக்க விளையாட்டுக் கருவி வந்து சேர்ந்தது. அதில் மீன் பிடிக்கும் ஆட்டமும் பூச்செடி வளர்க்கும் ஆட்டமும் இருக்கின்றன. "கோபமே வராத ஆட்டமா பாத்துப் பாத்து அப்பாவே எடுத்தாரும்மா" என்கிறாள். முப்பது ஆண்டுகள் மேடையில் முழங்கியவளுக்குப் பூச்செடியா?

நீங்கள் கட்டிய மேடை சரிந்துதான் என் கால் முறிந்தது. அதற்காக உங்களை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் பத்து நாளாக அடுத்த அறையில் பதுங்கிக்கொண்டு, அழும் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இருவர் மோதும் ஆட்டம் ஒன்றை வாங்கி நீங்களே கொண்டுவாருங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டா. என் எதிரே அமர்ந்து, என் முகத்தைப் பார்த்துத் தோற்றுப்போங்கள்.

கட்டிலில் கிடக்கும்
உங்கள் மனைவி