அடிக்கட்டையில் பதினொரு காளான்

அன்புத் தம்பிக்கு,

என்னைக் கேட்காமல் நீ வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் இந்த மழைக்கும் காளான் வந்திருக்கிறது. முதல் வருடம் பொத்தான் அளவில் இரண்டு. நான்கு வருடத்தில் பதினொன்றாகி, அலமாரித் தட்டுகள் போல அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டிருக்கின்றன. தையல்காரி கண்ணில் பட்டதை அளக்காமல் விடுவாளா? பெரியது ஒன்பது அங்குலம்.

போன வாரம் துணி கொடுக்க வந்த தாவரவியல் ஆசிரியை அதைக் குனிந்து பார்த்தார்.

"என் தம்பி வெட்டினது. நல்லா இருந்த மரம்," என்றேன்.

"நல்லா இருந்துச்சா? இந்தக் காளான் மரம் உயிரோட இருக்கும்போதே உள்ள போய் அரிச்சிடும்மா. வெட்டின அன்னிக்கே நடுவுல பொந்து இருந்திருக்குமே, நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. "அக்கா, ஒரே ஒரு தடவ வந்து பாரு" என்று நீ கூப்பிடக் கூப்பிட, நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த மரம் என் மகள் படுக்கும் அறைப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

ஞாயிறு காலை ரயிலில் நானும் உன் மருமகளும் வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று, வேண்டாம் என்று எழுதாதே. திட்டுவதானால் சாப்பாடு போட்டுவிட்டுத் திட்டு. பசியோடு மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

உன் அக்கா