பேக்கிங் கூடத்துக்கு ஒரு வருடம்

ஜனவரி 9
புது கணக்கியல் தரநிலை எங்கள் கம்பெனிக்கும் வந்தாயிற்று. இதுவரை கட்டடங்களுக்கு மாதா மாதம் வாடகை கொடுத்தோம், செலவு என்று எழுதினோம், விட்டது தொல்லை. இனி ஒவ்வொரு கட்டடத்திலும் இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறோம் என்று முடிவு செய்து, அத்தனை வருட வாடகையையும் இப்போதே கடனாகக் காட்ட வேண்டும். ஆக, கணக்கு எழுதுகிறவள் ஜோசியமும் பார்க்க வேண்டும்! நல்ல வேளை, வருடத்தைச் சொல்ல வேண்டியவர் எம்.டி.

ஜனவரி 12
எம்.டி. அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். தலைமை அலுவலகம் பத்து. கிடங்கு ஐந்து. பேக்கிங் கூடத்தின் ஒப்பந்தத்தில் ஏழு வருடம் பாக்கி. வேண்டுமென்றால் நடுவில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம். யார் காலி செய்யப்போகிறார்கள் என்று நானே ஏழு போட்டு வைத்திருந்தேன்.

"அதை அடிச்சிட்டு ஒண்ணுன்னு போடுங்க."

"சார், அங்க அத்தனை பேர் வேலை பாக்கறாங்களே..."

"தெரியும். இந்த வருஷக் கடைசியில மூடறோம். இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது. தாண்டினா, யார் வாயிலேர்ந்து போச்சுன்னு எனக்குத் தெரியும்."

அங்கே சூப்பர்வைசர் என் அக்கா. அது அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. ஒன்று என்று போட்டேன். என் கையால்.

ஜனவரி 13
ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

ஜனவரி 20
பேக்கிங் கூடத்துக்குப் போக வேண்டி வந்தது. டேப் கிழிக்கிற சத்தம், ரேடியோ, கேலி, சிரிப்பு. எனக்கு மட்டும் எல்லாம் காலியாகத் தெரிந்தது. மேசை இல்லை, ஆள் இல்லை, சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி மட்டும்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் அக்கா.

பேயெல்லாம் இல்லை அக்கா. உயிரோடு இருக்கிற உங்கள் எல்லோரையும்தான் — வேண்டாம், எழுத வேண்டாம்.

பிப்ரவரி 2
அக்காவை வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"போகட்டுமா வேண்டாமா, நீ சொல்லு. அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவ, உனக்குத் தெரியாததா?"

நாக்கு நுனிவரை வந்தது. என் சம்பளத்தில்தான் இந்த வீடு ஓடுகிறது. அதுவும் போனால்? ஆனால் அவள் வீடும் அவள் சம்பளத்தில்தானே ஓடுகிறது, மாமா படுக்கையில் விழுந்த பிறகு?

"உன் இஷ்டம்க்கா" என்றேன்.

பிப்ரவரி 6
வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். "இங்க எல்லாம் என் ஆளுங்கடி. விட்டுட்டுப் போக மனசு வரல."

பிப்ரவரி 17
ஆடிட்டருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஏழு வருடம் பாக்கி இருக்கிற இடத்துக்கு ஏன் ஒன்று? நேரே கூடத்துக்கே போய் அக்காவிடம் விசாரித்திருக்கிறார்.

"இன்னும் எத்தனை வருஷம் இங்க இருப்பீங்கன்னு கேட்டாருடி. நான் ரிட்டயர் ஆகறவரைக்கும்னு சொன்னேன். எதுக்குக் கேட்டாரு?"

"புது ரூல்க்கா. இப்ப எல்லா இடத்துலயும் கேக்கறாங்க."

சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையை வைத்தே பொய் சொல்ல எப்போது பழகினேன்?

பிப்ரவரி 18
கூடத்தை மூடுவது பற்றிய ஏதோ காகிதத்தை எம்.டி. காட்டியிருக்கிறார். ஆடிட்டர் போகும்போது என் மேசைக்கு வந்து, "நீங்க போட்டதுதான் சரி மேடம்" என்றார். கை கழுவிவிட்டு வந்தேன். மறுபடி போய்க் கழுவினேன்.

செப்டம்பர் 6
நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். டிசம்பரோடு பேக்கிங் கூடம் மூடல். அக்காவைப் பார்க்க ஓடினேன். வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஒருத்தி என்னைக் கண்டதும் ஆரம்பித்தாள்: "இவங்க அக்கவுண்ட்ஸ்தானே? முன்னாடியே தெரிஞ்சிருக்குமே!"

அக்கா சண்டைக்கே போய்விட்டாள். "வாய்க்கு வந்தபடி பேசாத. அவளுக்குத் தெரிஞ்சிருந்தா மொதல்ல எங்கிட்டதான் ஓடி வந்திருப்பா."

பிறகு என் தோளைத் தொட்டாள். "நீ எதையும் மனசுல வச்சுக்காதடி."

சரி என்று தலையாட்டினேன்.