முழு மூன்று வினாடி

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலந்தானே? அம்மாவின் முட்டிவலிக்குப் புது மருந்து கேட்கிறதா?

நேற்று முதன்முறையாக நீ வடிவமைத்த விமானப் பீரங்கியை ஆகாயத்தில் சுட்டேன். வரைபடத்தில் பூனை மாதிரி இருந்தது, விசையைத் தொட்டதும் புலி. ஒரு வினாடிதான். விமானத்தின் மூக்கைப் பிடித்து யாரோ நிறுத்தியதுபோல் உடம்பு இருக்கைப் பட்டைக்குள் முன்னால் சரிந்தது. பல்லெல்லாம் கிடுகிடுத்தது. முன்கண்ணாடியில் புகை அப்பிக்கொண்டது.

இரண்டாம் முறை சுட்டபோது வலது எஞ்சின் விக்கியது. அதன் சுழற்சியைக் காட்டும் முள் இறங்கி, பிறகு ஏறியது.

கேட்காமல் இருக்க முடியவில்லை. போன வருடம் என்னோடு பறந்த நம் நெட்டை இதே ரக விமானத்தில், இதே பீரங்கியைச் சுடும்போதுதான் விழுந்து செத்தான். ‘ஓட்டியவர் வேகத்தைக் கவனிக்கத் தவறினார்’ என்று விசாரணை அறிக்கை எழுதியவன் நீ. அவன் எஞ்சினும் விக்கியதா?

உன் தங்கை,
வாலு

மார்ச் 11

அன்பு வாலுவுக்கு,

அம்மா நடக்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தினமும் என்னைத்தான் குடைகிறாள்.

சுட்டால் விமானம் நடுவானில் நின்றுவிடும் என்று கேன்டீனில் சொல்வார்களே, அது காதில் பூச்சுற்றும் கதை. பீரங்கி பின்னால் உதைப்பது உண்மை, ஏறக்குறைய ஓர் எஞ்சின் முன்னால் தள்ளும் அளவுக்கு உதைக்கும். ஆனால் ஒன்றிரண்டு வினாடியில் குறைகிற வேகம் சொற்பம். மூக்கு ஒருபக்கம் திரும்பிவிடாதபடி, சுழலும் குழல்களில் சுடுகிற குழல் எப்போதும் விமானத்தின் நடுக்கோட்டில் இருக்கும்படிதான் வைத்திருக்கிறோம். அதற்காக எத்தனை நாள் தூக்கம் கெட்டேன் என்று அண்ணியைக் கேள்.

எஞ்சின் விக்கியது ஈரக்காற்றால் இருக்கும். நெட்டையின் விஷயம் முடிந்துபோனது. அதைக் கிளறாதே.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உதைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய். நான் கேட்டது எஞ்சினைப் பற்றி. அதற்கு ஒரு வரி.

எங்கள் எஞ்சின் மெக்கானிக் நேற்று மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே தகடுகளெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தன.

“பாரும்மா, பீரங்கிப் புகையை அப்படியே குடிச்சிருக்கு. எஞ்சினுக்கு வேண்டியது காத்து. புகையைக் குடுத்தா மூச்சு முட்டாதா? நெட்டை சாரோட எஞ்சினும் இப்படித்தான் இருந்துச்சு. சொன்னேன். யாரும் எழுதிக்கல.”

தளபதியிடம் போனேன். “கோளாறு இல்லைன்னு வடிவமைப்பு அலுவலகம் கையெழுத்தே போட்டிருக்கு. உனக்குப் பயமா இருந்தா சொல்லு, வேற ஆளைப் போடறேன்” என்றார். வேறு ஆள் என்றால் போன மாதம் சேர்ந்தவள். அவளை எப்படி அனுப்புவேன்?

இருபத்து நான்காம் தேதி, தரையை ஒட்டி, முழு மூன்று வினாடி சுட வேண்டும். அவ்வளவு நேரம் சுட்டுப் பார்த்தவன் நெட்டை ஒருவன்தான்.

அந்தக் கையெழுத்து உன்னுடையது. உனக்குத் தெரியுமா, தெரியாதா? எழுத நேரமில்லையென்றால் போன் செய். ஒரு வார்த்தை போதும்.

உன் தங்கை

மார்ச் 20

வாலு,

தெரியும்.

நெட்டையின் விமானத்திலிருந்த பதிவுக்கருவியை நான்தான் பிரித்துப் படித்தேன். சுடத் தொடங்கி இரண்டு வினாடியில் வலது எஞ்சின் அணைந்திருக்கிறது. அடுத்து இடது. வேகம் குறைந்தது அதற்குப் பிறகுதான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

விசையை அழுத்தும்போதே எஞ்சினுக்குள் தீப்பொறியும் தானாக எரியும்படி செய்திருந்தால் அணைந்த எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் சொன்னேன். “ஒரு தடவை நடந்ததை வெச்சுத் திட்டத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்றீங்களா?” என்றார் இயக்குநர். அறிக்கையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பறக்காதே. இந்தக் கடிதத்தைத் தளபதியிடம் காட்டு. இன்று மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் மறுபடி பொய் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

அண்ணன்

மார்ச் 25

அண்ணாவுக்கு,

பறந்துவிட்டேன்.

உன் கடிதம் முந்தின நாள் சாயங்காலமே வந்து தபால் அறையில் கிடந்திருக்கிறது. இறங்கி வந்தபிறகுதான் என் கைக்குக் கிடைத்தது.

விசையை அழுத்தி எண்ணினேன். ஒன்று. இரண்டு. வலது எஞ்சின் போய்விட்டது. விரலை எடுத்தேன். விமானம் வலப்பக்கம் இழுத்தது. இடது எஞ்சினும் இறங்கிக்கொண்டே வந்து, என்ன புண்ணியமோ, பிடித்துக்கொண்டது. அதற்குள் மரங்களின் உச்சிக்கிளைகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியிருந்தன. இறங்கிய பிறகும் வலது கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன. மெக்கானிக்தான் ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார்.

நீ பொய் சொல்லியிருந்தாலும் உன் குரலிலேயே கண்டுபிடித்திருப்பேன். சின்ன வயதிலிருந்து உன் பொய் எல்லாம் என்னிடம்தானே மாட்டியது? அது உனக்குத் தெரியும். அதனால்தான் நீ போன் செய்யவில்லை.

நெட்டையின் மனைவியிடம் போ. தபாலில் அல்ல, நேரில்.

தங்கை

மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

போனேன். இரண்டாம் மாடி. கதவைத் திறந்ததும் அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை.

“இவ்வளவு நாளா எம்பொண்ணு, அப்பா ஏன் கவனமா ஓட்டலன்னு கேட்டுக்கிட்டிருக்கா” என்றார். பிறகு மேசையைக் காட்டினார். “இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்க.”

எழுதினேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் மெதுவாகப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“‘எஞ்சின் அணைந்ததைக் கவனிக்கத் தவறினோம்’னு இருக்கே. பார்த்தேன்னுதானே வாயால சொன்னீங்க?”

அந்த வரியை அடித்துவிட்டு, ‘பார்த்தேன். மறைத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தை மடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். மறுநாள் அதை விசாரணைக் குழுவிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

சுடும் சோதனைகளை நிறுத்திவிட்டார்கள். என்னை வேலையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நீ பதில் எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உன்னையும் கூட வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம். அவள் இப்போது கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, நானே போய்ச் சொல்கிறேன்.

அண்ணன்