தகரத்தில் தட்டும் சிங்கப்பூர் மிளகாய்

என் பாசமுள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் இங்குள்ள சேதியையே முதலில் சொல்கிறேன். உங்கள் செடி மறுபடியும் காய்த்திருக்கிறது. அதை நான் அடியோடு வெட்டிப் போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆமாம், வெட்டினேன். கோபப்பட்டுக்கொள்ளுங்கள். கையெல்லாம் முள் ஏற ஏற, கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக் குப்பையில் போட்டேன். ஆனால் வேர் மண்ணுக்கடியில் நடந்து வந்திருக்கிறது. பழைய இடத்தில் ஒரு துளிர்கூட இல்லை. நாலடி தள்ளி, நம் அடுப்படித் தகரச் சுவரை ஒட்டி முளைத்திருக்கிறது. வளைந்த கொம்பு ஒன்று தகரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அண்ணி, அது தட்டுகிறது. டிக், டிக், டிக் என்று, காற்றே இல்லாத நேரத்திலும்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்க வேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு சீனர் வீட்டில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பினீர்கள். மறு வருடமே இருதய வால்வு பழுது என்று சொல்லி, செயற்கை வால்வு வைத்தார்கள். அது ஒவ்வொரு தடவை மூடும்போதும் வெளியே கேட்கும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவில் எதைத்தான் மறைக்க முடியும்? கோபம் வந்தால் வேகமாகக் கேட்கும், பொய் சொன்னால் அதைவிட வேகமாகக் கேட்கும்.

"ஒங்க அண்ணிய அவ நெஞ்சே காட்டிக் குடுத்துருது பாரு" என்று அண்ணன் சிரிப்பார். "பொய் சொல்லத்தான் ஒங்க தங்கச்சி இருக்காளே, நான் வேற எதுக்கு?" என்று நீங்கள் என்னைக் கை காட்டுவீர்கள். அப்போது அது வெறும் கேலி.

வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுள் முழுக்கக் குளிசை விழுங்க வேண்டும். கீரையை அளவோடு சாப்பிடுங்கள், கேட்காமல் நாட்டு மருந்து எடுக்காதீர்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நாம்தான் சொன்னதற்கு மேலே ஒரு படி போகிறவர்கள் ஆயிற்றே, வல்லாரைப் பாத்தியையே பிடுங்கி எறிந்தோம். அந்த வெறும் பாத்தியில்தான், பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்த காய்ந்த பழங்களை ஊறவைத்து, விதை எடுத்துப் போட்டீர்கள். சீனர் வீடுகளில் சாப்பிடும் கோஜி பெரி.

நம் கந்தப்பளை மலைக் குளிர் அதற்கு நன்றாகவே பிடித்துப்போனது. முள்ளும் கொம்புமாக வளர்ந்து, ஊதாப் பூ பூத்து, சிவப்புச் சிவப்பாகத் தொங்கியது. சனம் அதற்குச் சிங்கப்பூர் மிளகாய் என்று பெயர் வைத்தது. நான் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "தக்காளிக்கும் திராட்சைக்கும் பொறந்த புள்ள மாதிரி இருக்கு அண்ணி" என்றேன். நீங்கள் அதைக் காயவைத்துப் பிளேன்டீயில் போட்டீர்கள், முட்டை சூப்பில் போட்டீர்கள், இலையையும் விடவில்லை. கண்ணுக்கு நல்லதாம், உடம்புக்குத் தெம்பாம். அந்த வீட்டு முதலாளியம்மா எண்பது வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசி கோர்ப்பாராம். கீரையும் இல்லை, மருந்தும் இல்லை, பழம்தானே என்று நானும் தினம் ஒரு கை அள்ளிப் போட்டுத் தந்தேன். ஒன்பது வருடத்தில் உங்களுக்கென்று நீங்கள் கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

பிறகு அந்தக் கிளினிக் நாள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். ரத்தம் அளவுக்கு மேல் இளகிப் போயிருக்கிறதாம். "வேற ஏதும் சாப்பிடுறாங்களா? புதுசா எதுவும்?" என்று சிங்களத்தில் என்னிடம்தான் கேட்டார். நம் வீட்டில் சிங்களம் சரளமாகப் பேசுகிறவள் நான்தானே.

"நே டொக்டர், முகுத் நே." ஒன்றுமே இல்லை என்றேன்.

அந்த அளவு சிங்களம் உங்களுக்கும் தெரியும். உங்கள் நெஞ்சு ஓட ஆரம்பித்தது. டிக்டிக்டிக்டிக். டொக்டருக்கே கேட்டு, பயப்பட வேண்டாம் என்று உங்கள் தோளைத் தட்டி, குளிசையைக் குறைத்து எழுதினார். நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பஸ்ஸில் மட்டும் நீங்கள், "சொல்லியிருந்தா அதையும் புடுங்கச் சொல்லியிருப்பாங்க புள்ள" என்றீர்கள். நானும் அதை நினைத்துத்தான் சொன்னேன். உங்களிடமிருந்து இன்னொரு பாத்தியையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. சத்தியமாக அவ்வளவுதான் அண்ணி.

அதன் பிறகும் பழத்தை நிறுத்தவில்லை. பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. கையில் நீலம் பூத்தது. "எங்கயாச்சும் இடிச்சிருப்பேன்" என்றீர்கள், நெஞ்சு வேகமாக அடிக்க. கேட்டுக்கொண்டே சும்மா இருந்தேன்.

ஒரு மத்தியானம் பழம் காயவைத்துக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஆட்டோவில் என் மடியில்தான் படுத்திருந்தீர்கள். இஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இஞ்சினை நிறுத்தியதும் உங்கள் நெஞ்சில் காதை வைத்தேன். மழைதான் கேட்டது.

மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அந்தப் பழம்தான் காரணமா? யாரும் சோதிக்கவில்லை. எப்படிச் சோதிப்பார்கள், நான்தான் சொல்லவே இல்லையே. ஏழெட்டு மாதத்துக்கு முன் டவுனில் முஸ்லிம் நானா கடையில் அதே பழம் பாக்கெட்டில் தொங்கியதைப் பார்த்தேன். "பின்னால இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கே நானா, கொஞ்சம் வாசிங்களேன்" என்றேன். ரத்தம் கட்டாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று வாசித்தார். வீட்டுக்கு வந்ததும் கத்தியைத் தேடினேன். அண்ணனிடம் எதையும் சொல்லவில்லை. என் நெஞ்சுதான் வெளியே கேட்காதே.

இப்போது இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து லயத்துப் புஷ்பம் அக்கா வந்தார். அவருக்கும் மூன்று மாதத்துக்கு முன் வால்வு வைத்தார்கள். வாசல் இஸ்தோப்பில் நின்று மூச்சு வாங்கும்போதே கேட்டது, டிக், டிக். உடனே உள்ளே அடுப்படித் தகரத்தில், டிக், டிக். ஒன்று கேட்டு ஒன்று பதில் சொல்வது போல இருந்தது. 

"செல்வி, ஒங்க அண்ணி சாப்புடுவாளே அந்தச் செவப்புப் பழம் ஒரு கை தாயேன். ஆப்பரேசன் பண்ண ஆளு மாதிரியா இருந்தா அவ? மூஞ்சி மின்னுமே!"

"இந்த வருசம் காய்க்கல அக்கா" என்றேன். மறுபடியும் நான்தான், மறுபடியும் பொய்தான்.

தகரம் ஓட ஆரம்பித்தது. டிக்டிக்டிக்டிக். பனி மூட்டத்தில் ஒரு தேயிலை இலைகூட அசையவில்லை. அக்காவின் நெஞ்சு நிதானமாகத்தான் அடித்தது, தகரம் மட்டும்தான் ஓடியது. அக்கா கண்ணை விரித்து, "காத்தே இல்லையே, தகரம் ஏன் புள்ள இந்த அடி அடிக்குது?" என்றார். நான் காய்க்கவில்லை என்று சொன்னால் அக்கா நானா கடையில் வாங்கிக்கொள்வார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பழம் காய்த்திருப்பதைச் சொன்னேன். டொக்டர் கேட்டதையும் நான் இல்லை என்றதையும் உங்கள் நெஞ்சு ஓடியதையும் பாக்கெட்டில் எழுதியிருந்ததையும் அழுது அழுது சொன்னேன்.  "ஒங்க அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார் அக்கா. தெரியாது என்றேன்.

தகரம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அக்காவின் நெஞ்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலு நாளாகிறது. கொம்பு தகரத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் தட்டவில்லை. நேற்று நல்ல காற்று, அப்போதும் தட்டவில்லை. சத்தம் கேட்டுப் பயந்ததைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். மன்னித்துவிட்டுப் போனீர்களா? இல்லை, ஆட்டோவில் போனது போல இன்னொரு தடவை போய்விட்டீர்களா?

இனி அந்தச் செடியை வெட்ட மாட்டேன். அடுத்த கிளினிக்குக்கு அக்காவோடு நான் போகிறேன். பழமும் இலையுமாக ஒரு கொம்பை ஒடித்து டொக்டர் மேசையில் வைத்து, அன்றைக்கு இல்லை என்ற வாயாலேயே உண்டு என்று சொல்லுவேன். அதற்கு முன்னால், இன்றைக்கு அண்ணன் வேலை முடிந்து வந்ததும், அடுப்படியில் அந்தத் தகரத்துக்கு முன்னால் உட்கார்ந்து இதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். ஒரு வரிகூட விடமாட்டேன். விட்டால் தட்டுங்கள்.

உங்கள் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டும் கேட்காதது போல இருந்த நாத்தனார்,
செல்வி